ஈயம் இறங்கும் நிறுத்தம்

வெல்வெட் துணியில் அலுமினாக் குழம்பு.
அதன்மேல் மின்முனையைச் செங்குத்தாகப் பிடித்து
எட்டு போடுகிறேன்.
லைசென்சுக்குப் போட்ட எட்டில் காலை ஊன்றிவிட்டேன்,
இங்கே ஊன்ற முடியாது.
இருநூறு எட்டு,
என் மூக்குத்தி அதில் தெரியும்வரை.

பிறகு ஒரு சொட்டு:
கிராஃபீன் ஆக்சைடு, இரும்பு ஆக்சைடின் நுண்மணிகள்,
இரண்டும் பிரிந்து போகாமலிருக்க
இறால் ஓட்டிலிருந்து எடுத்த பசை.
ஐந்து மைக்ரோலிட்டர் கறுப்பு.
கண்ணுக்கு மை தீட்டுகிற அளவுகூட இல்லை.

சோதனைக் கரைசலில் வைத்ததும்
திரையில் ஒரு வாத்து வந்தது.
வளைவு அப்படித்தான் இருக்கும்: அலகு, முதுகு, வால்.
வாத்து திருத்தமாக வந்தால் முனை சரி.
ஜன்னலுக்கு வெளியே ஏரியில்
நுரைதான் நீந்துகிறது.

வாய்க்கால் நீரைக் கொண்டுவந்தவர் நஞ்சுண்டப்பா.
வர்த்தூர்ப் பக்கம் கீரை போடுகிறார்.
பழைய மிரிண்டா பாட்டிலில், மூடிவரை.
"இதெயா, இல்வா?"
உண்டா, இல்லையா. அவ்வளவுதான் கேள்வி.
அதற்கு எனக்கு ஐந்து வருட ஃபெலோஷிப்.

மைனஸ் ஒன்று புள்ளி இரண்டு வோல்ட், நூற்றிருபது நொடி.
கரைந்திருக்கும் உலோகமெல்லாம் வந்து ஏறிக்கொள்ளும்,
சாயங்கால ஐந்நூறு-டி பஸ்ஸில் ஏறுவதுபோல.
பிறகு மின்னழுத்தத்தை மெல்ல உயர்த்தினால்
அவரவர் நிறுத்தத்தில் அவரவர் இறங்க வேண்டும்.
காட்மியம் மாரத்தஹள்ளியிலேயே இறங்கிவிடும்.
ஈயம் சில்க் போர்டு வரை வரும்.

முதல் நாள் யாரும் இறங்கவில்லை.
காய்ச்சி வடித்த நீரில் அத்தனை சமர்த்தாக இருந்த முனை
வாய்க்கால் நீரில் ஊமையாகிவிட்டது.
சோப்பு.
இந்த நகரம் துவைத்த சட்டைகளின் சோப்பெல்லாம்
அதன் முகத்தில் படிந்து கிடந்தது.
கட்டுரையில் எழுதியிருந்தேன்,
உண்மையான நீர் மாதிரிகளுக்கும் ஏற்றது என்று.
உண்மையான நீர் அதைப் படித்திருக்கவில்லை.

பசையைக் கூட்டினேன், குறைத்தேன், மாற்றினேன்,
திரும்ப அதற்கே வந்தேன்.
பதினோராவது வாரம், ஒரு செவ்வாய் இரவு,
மின்சாரம் போய் ஜெனரேட்டர் வந்த பிறகு
மூன்றாவது ஓட்டத்தில்
சில்க் போர்டில் ஒருவன் இறங்கினான்.
சின்ன மேடு.
மறுபடி ஓட்டினேன். மறுபடி அங்கேயே.
சந்தோஷத்தில் கத்திவிட்டேன், காவலாளி ஓடிவரும் அளவுக்கு.
அவரிடம் ஒன்றுமில்லை என்று சொல்லும்போதுதான்
மிரிண்டா பாட்டில் கண்ணில் பட்டது.

கைடு சொன்னார்:
எல்லைக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது,
அறிக்கையில் ஈயம் பூசின மாதிரியும் இருக்கட்டும்
பூசாத மாதிரியும் இருக்கட்டும்.
பழமொழியாகத்தான் சொன்னார்.
சொன்ன பிறகு அவருக்கே கேட்டது.

நஞ்சுண்டப்பாவிடம் "இதெ" என்றேன்.
முகம் மாறவில்லை. எடுத்துவிட முடியுமா என்றார்.
அதே கறுப்பு, இந்த முறை பொடியாக, ஒரு சிட்டிகை,
அவருடைய நீரில் போட்டுக் கலக்கினேன்.
வெளியிலிருந்து காந்தத்தைக் காட்டியதும்
பொடி ஓடிவந்து கண்ணாடியோரம் ஒண்டிக்கொண்டது.
மீதி நீரை ஓட்டிப் பார்த்தோம்.
பஸ் சில்க் போர்டில் நிற்காமல் போயிற்று.

அவர் நீரைப் பார்க்கவில்லை,
காந்தத்தைப் பார்த்தார்.
"இத எங்க போடுவீங்க?"

பெயர்ப் பொருத்தம் பார்க்கிற நேரமில்லை அது,
ஆனாலும் அவர் கழுத்தைப் பார்த்தேன்.
நரைத்த ரோமம், ஒரு கறுப்புக் கயிறு.
நீலம் எதுவுமில்லை.

கீழ்த்தட்டில் மஞ்சள் டப்பா இருக்கிறது,
மாதம் ஒரு லாரி வரும்,
கையெழுத்து வாங்கிக்கொண்டு எடுத்துப்போகும் என்றேன்.
எங்கே என்றார்.
மூன்று வருடமாகக் கையெழுத்துப் போடுகிறேன்,
கேட்டதில்லை.

போகும்போது ஒரு கட்டுத் தண்டுக்கீரையை
மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். காசு வாங்கவில்லை.
மாதிரி பாட்டில்களுக்குப் பக்கத்தில், நாலு டிகிரியில்,
இன்றோடு மூன்றாவது நாள்.
இலை இன்னும் வாடவில்லை.
சமைப்பதா
நைட்ரிக் அமிலத்தில் கரைப்பதா.

லேபிளில் இப்போதைக்குத்
தேதி மட்டும் எழுதியிருக்கிறேன்.